ஆசிட் தொட்டியில் கிடந்த ஸ்பேனர்கள்

கெடாவின் மெர்கோங்கில் என் மருமகன் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே வேலை செய்யும் மெக்கானிக்குகள் புதிதாக ஸ்பேனர் செட் வாங்கினால், பயன்படுத்துவதற்கு முன் என்னிடம் ஒரு தடவை காட்டிவிட்டுப் போவார்கள். பெட்டியைத் திறந்ததும் நான் எண்ணுவேன். மூடியில் இருபத்துநாலு என்று போட்டிருந்தால் உள்ளே இருபத்துநாலு இருக்க வேண்டும். எப்போதும் இருக்கிறது. இருந்தாலும் எண்ணுவேன்.

போன மாதம் வந்தவர் கண்ணாடி போல் மின்னிய ஒன்றை எடுத்து நீட்டினார். "மொகம் பாத்து தலை சீவலாம் ஐயா, அவ்வளவு பாலிஷ். ஒடைஞ்சா கடையிலேயே மாத்திக் குடுத்துருவாங்களாம்."

"ஒடையும்போது வெரலு போனா, அதையும் மாத்திக் குடுப்பாங்களா?" என்று கேட்டேன்.

சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குத்தான் அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை. "இப்படி எரிஞ்சு விழுறதுக்குப் பதிலா, எதைப் பாத்து வாங்கணும்னு எழுதிக் குடுங்களேன் மாமா. பட்டறைக்காரங்க சங்கத்து மலர்ல போடலாம்," என்றார் மருமகன். எழுதுகிறேன். ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லி நிறுத்த என்னால் முடியாது. அதைப் பார்க்கும்படி எனக்கு ஒரு கட்டாயம் வந்ததே, அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் பாடாங் மேஹா பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலும் பிறகு பட்டணத்து ஆங்கிலப் பள்ளியிலும் படித்தேன். படிப்பு முடிந்ததும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை என்னை இன்ஜின் கொட்டகை ஸ்டோருக்குக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகப் போட்டார். சாமான் கொடுப்பது, திரும்ப வாங்குவது, எண்ணி வைப்பது என் வேலை. கைக்கு வந்த இரும்பை எல்லாம் தடவிப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் வந்தது. அதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். துரை ஒரே இரவில் சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிப்போனார். ரப்பர் மரத்தில் பால்வெட்டு நின்றது. ஆட்கள் காட்டை வெட்டி மரவள்ளி நட்டார்கள்.

சுங்கை பட்டாணியில் ஒரு பழைய ரப்பர் ஆலையை ஜப்பானியப் படை தன் லாரிப் பட்டறையாக மாற்றிக்கொண்டது. கெடா முழுக்க இருந்த தோட்டங்களிலிருந்தும் பஸ் கம்பெனிகளிலிருந்தும் கருவிகளைச் சாக்குச் சாக்காக அள்ளிக்கொண்டு வந்து அங்கே கொட்டினார்கள். நல்லவற்றைப் பொறுக்கிப் பட்டறைக்கு வைத்துக்கொள்ள வேண்டும், மற்றவை உலைக்குப் போகும். ஸ்பேனரில் பொறித்திருக்கும் ஆங்கில அளவுகளைப் படிக்கத் தெரிந்த ஒருவன் வேண்டும் என்று என்னைப் பிடித்துப் போனார்கள். எங்கள் தோட்டத்து ஃபிட்டர் அங்கமுத்து அண்ணனையும் அதே லாரியில் ஏற்றினார்கள். ஆட்கள் செத்து விழும் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஏற்றுகிறார்கள் என்று நினைத்து, தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயமே ஒப்பாரி வைத்தது. பட்டறைக்குத்தான் என்று தெரிந்ததும் அண்ணன் என் காதருகே சொன்னார்: "தம்பி, இந்தப் பட்டறையில ஒரு ஆணி தொலைஞ்சாலும் அடுத்த லாரி சயாமுக்குத்தான். நீ நல்லா எண்ணு."

எங்களுக்கு மேலதிகாரி ஹமாதா என்பவர். படைவீரர் அல்ல. போருக்கு முன் தன் நாட்டில் ஏதோ பஸ் கம்பெனிப் பட்டறையை நடத்தியவராம். படையோடு சேர்த்து அனுப்பப்பட்ட இவர்போன்ற ஆட்களைச் சாதாரணச் சிப்பாய் கூட மதிக்க மாட்டான். அவர் கத்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, நாலாக மடித்து, மறுபடியும் விரித்து மடிப்பார். அந்த மடிப்பு எத்தனை தடவை நடக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பதைவிட ஓர் அறை வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். எங்களோடு பேசியது உடைந்த மலாயில். எங்களுடைய மலாயும் அப்படித்தான் என்பதால் புரிந்தது.

தரம் பார்க்கும் முறை இது. முதலில் ஸ்பேனரைப் பார்க்காமல் கையில் எடுக்க வேண்டும். பார்த்துவிட்டால் பளபளப்பு நம் கையை ஏமாற்றிவிடும். தலைப்பக்கம் கனமாகவும் பிடி மெலிவாகவும் இருந்தும் கையில் வைத்தால் தொங்கிவிடாமல் நிற்க வேண்டும். அடுத்து, பிடியின் ஓரத்தில் நகத்தை ஓட்ட வேண்டும். சூட்டில் அச்சில் அடிக்கும்போது இரண்டு அச்சும் சேரும் இடத்தில் உலோகம் பிதுங்கி ஒரு வரம்பு நிற்கும். நல்ல கம்பெனிக்காரன் அதைச் சாணை பிடித்து எடுத்திருப்பான். மட்டமானவன் அதன்மேலேயே முலாம் பூசியிருப்பான். கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியும். பிறகு வாய், நட்டைக் கவ்வும் இடம். தேயாத போல்ட்டுத் தலையை வாய்க்குள் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இரண்டு பக்கமும் மயிரிழை போல ஒரே அளவு ஒளி தெரிய வேண்டும். ஒரு பக்கம் தடித்தால் அது நட்டின் மூலையைத் தின்றுவிடும். முலாம் முதலில் உரிவது வாயின் மூலையில்தான் என்பதால் அங்கே நகத்தால் கிள்ளிப் பார்க்க வேண்டும். அதற்கு மேல், நூலில் கட்டித் தொங்கவிட்டு இன்னொரு இரும்பால் தட்டினால் மணி போல நீண்டு ஒலிக்க வேண்டும். விரிசல் விழுந்தது பானை ஓடு போல ஒலிக்கும்.

கடைசியாக எழுத்து. அளவும் பெயரும் பொறித்த குழிகளை உற்றுப் பார்க்க வேண்டும். பாலிஷ் எல்லா இடத்துக்கும் போகும், எழுத்தின் குழிக்குள் மட்டும் போகாது. எஃகைச் சூடேற்றி எண்ணெயில் முக்கிய பழைய கறுப்பு அங்கேதான் மிச்சம் இருக்கும். ஒரு ஸ்பேனரின் உண்மையான தோலைப் பார்க்க வேண்டுமானால் அங்கே பாருங்கள்.

இத்தனையும் தேறியதற்குப் பிடியில் ஒரு புள்ளி குத்துவேன். இரண்டு புள்ளி இரண்டாந்தரம். மூன்று புள்ளி உலைக்கு.

ஒரு நாள் பாம்பு போல் வளைந்து கிடந்த ஸ்பேனர் ஒன்றுக்கு நான் ஒரு புள்ளி குத்தியிருந்ததை ஹமாதா பார்த்துவிட்டார். கைக்குட்டை வெளியே வந்தது. அது தோட்டத்து இன்ஜினின் பின்பக்க நட்டைப் பிடிப்பதற்காக அங்கமுத்து அண்ணன் சூடேற்றி வளைத்தது. சொன்னால் நம்புவாரா என்று நான் விழித்தேன். அண்ணன் அதை வாங்கிக்கொண்டு அங்கே நின்றிருந்த பம்ப் இன்ஜினிடம் போனார். வேறு எந்த ஸ்பேனரும் நுழையாத சந்தில் அதை நுழைத்து நட்டைக் கழற்றிக் கொண்டுவந்து ஹமாதாவின் உள்ளங்கையில் வைத்தார். ஹமாதா நட்டைப் பார்த்தார், கைக்குட்டையைப் பைக்குள் வைத்தார். "பாகுஸ்," என்றார். நல்லது என்று அர்த்தம். அதற்குப் பிறகு நான் போட்ட புள்ளியை அவர் சந்தேகப்பட்டதில்லை.

மழைக்காலத்தில் பெரிய அதிகாரி ஒருவர் பட்டறையைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்கள் நூற்றுப் பன்னிரண்டு. வேலைக்கு ஒரு குறையும் இல்லாதவை. ஆனால் ஈரத்தில் கிட்டத்தட்டப் பாதிக்குத் துருப் பிடித்திருந்தது. அதிகாரியின் கண்ணில் துரு படக்கூடாது. சாணைக்கல் தேய்ந்துவிட்டது, உப்புத்தாள் கிடையாது. அப்போது ஆலையின் பின்னால் கிடந்த ஆசிட் ஜாடிகள் ஹமாதாவின் நினைவுக்கு வந்தன. மெர்போக் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவை. ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஆசிட். பால்தான் இல்லையே, ஆசிட் சும்மா கிடந்தது.

பால்வெட்டுக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வெட்டுக்கத்தியை அந்த ஆசிட்டில் போடக்கூடாது என்று. துரு போய் வெள்ளி போல வந்துவிடும். ஆனால் அடுத்த நாள் பட்டையில் வைத்தால் விளிம்பு பொரிந்து உதிரும். நான் ஹமாதாவிடம் அதைச் சொன்னேன். அவருக்கும் தெரிந்திருந்தது. "ஒரு சிகரெட் குடிக்கும் நேரம். பிறகு எடுத்துச் சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் கழுவு," என்றார். அது சரியான சொல்தான். துருப்பிடித்த நாற்பத்தெட்டையும் எண்ணித் தொட்டியில் இறக்கினோம்.

சிகரெட் பாதி முடிவதற்குள் காவல்படை சார்ஜெண்ட் உள்ளே வந்தான். அதிகாரி வரும்போது எல்லோரும் ஒரே மாதிரி குனிந்து வணங்க வேண்டும், அதற்குப் பயிற்சி என்று பட்டறையில் இருந்த அத்தனை பேரையும் வெளியே விரட்டினான். ஹமாதாவும் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. "கேய்ரே" என்று அவன் கத்துவான், நாங்கள் இடுப்பு வரை குனிய வேண்டும். ஒருவன் முதுகு கோணினாலும் மறுபடியும் முதலிலிருந்து. நான் ஒரு தடவை தொட்டியைக் காட்டி வாய் திறந்தேன், துப்பாக்கிக் கட்டையால் முட்டியில் இடித்தான். அன்று இருட்டும் வரை குனிந்தோம். இரவு பட்டறையைப் பூட்டிவிட்டார்கள். மறுநாளும் காலையிலிருந்து அதுவே. தொட்டியிலிருந்து ஸ்பேனர்களை எடுத்தபோது மாலையாகிவிட்டது.

துரு சுத்தமாகப் போயிருந்தது. அண்ணன் தவிட்டையும் எண்ணெயையும் வைத்துத் தேய்க்கத் தேய்க்க அவை மின்னின. ஹமாதா ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார், மணி போல ஒலித்தது. எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். சுவரில் மாட்டச் சொன்னார். அதிகாரி வந்தார். நாங்கள் ஒழுங்காகக் குனிந்தோம். அவர் சுவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். சார்ஜெண்டுக்கு ஏகப் பெருமை.

அதற்கு அடுத்த நாள்தான் விபரீதம் நடந்தது. ஒரு லாரியின் சக்கர நட்டு இறுகிக்கொண்டு வரவில்லை. அண்ணன் ஸ்பேனரை மாட்டிப் பிடியில் குழாயைச் செருகும்போதே, பொறுமையில்லாத ஒரு சிப்பாய் அவரைத் தள்ளிவிட்டுத் தானே இழுத்தான். ஸ்பேனர் வாயின் ஒரு தாடை பட்டென்று ஒடிந்து போயிற்று. சிப்பாய் முகம் குப்புற விழுந்து, குழாய் அவன் கன்னத்தைக் கிழித்துப் பல்லைப் பெயர்த்தது. அண்ணனைக் கைகளைப் பின்னால் கட்டி முட்டி போட வைத்தார்கள்.

சார்ஜெண்ட் உடைந்த ஸ்பேனரை ஹமாதாவின் மேசையில் போட்டான். இது நாசவேலை, இந்த ஃபிட்டர் அரத்தால் அறுத்து வைத்திருக்கிறான், கெம்பெத்தாயிடம் ஒப்படைக்கப் போகிறேன் என்றான். படைப் போலீஸான கெம்பெத்தாயின் கட்டடத்துக்குள் போனவர் யாரும் நடந்து திரும்பி நாங்கள் பார்த்ததில்லை. அண்ணன் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

ஹமாதா என்னைக் கூப்பிட்டார். "பார். சொல்."

பார்த்தேன். அறுத்திருந்தால் ஓரத்தில் கோடு பளிச்சென்று தெரியும். கோடு இல்லை. பழைய விரிசலாக இருந்தால் உடைந்த முகத்தில் எண்ணெயும் துருவும் ஊறிக் கறுத்திருக்கும். கறுப்பும் இல்லை. முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம், சீனியைப் பரப்பியது போலப் பொரிபொரியாக. "அறுக்கவில்லை துவான். விரிசலும் இல்லை," என்றேன். துவான் என்றால் மலாயில் ஐயா.

சார்ஜெண்ட் ஸ்பேனரின் பிடியைத் திருப்பி என் புள்ளியைக் காட்டினான். அவனுக்குத் தெரிந்தது மூன்று வார்த்தை மலாய், மிச்சத்தை ஹமாதாதான் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல இரும்பு என்று நீதானே குத்தினாய், நல்ல இரும்பு ஏன் உடைகிறது என்று கேட்டான். ஒன்று, நான் கெட்டதை நல்லது என்று குத்தியிருக்க வேண்டும், அல்லது அண்ணன் ஏதோ செய்திருக்க வேண்டும். இரண்டில் ஒரு தலை. மூன்றாவது காரணம் ஆசிட். அதைச் சொன்னால் ஹமாதாவின் தலை. அவர் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

"மறுபடி தரம் பார்க்கிறேன் துவான். எல்லாவற்றையும்," என்றேன். ஹமாதா அதைச் சார்ஜெண்டுக்குச் சொன்னார். அவன் இடுப்புக் கத்தியில் கையை வைத்துக்கொண்டு தலையசைத்தான்.

சுவரிலிருந்த எல்லாவற்றையும் இறக்கினேன். தட்டிப் பார்க்கவில்லை. அது இங்கே உதவாது, எல்லாம் மணி போலத்தான் ஒலிக்கும். ஒவ்வொன்றாக எடுத்து எழுத்தின் குழியை மட்டும் பார்த்தேன். குழிக்குள் கறுப்பு இருந்தவை இடது பக்கம். ஆசிட் கறுப்பைத் தின்று சாம்பல் பூத்திருந்தவை வலது பக்கம். வலது பக்கம் நாற்பத்தேழு வந்தன, உடைந்ததோடு நாற்பத்தெட்டு. தொட்டியில் இறக்கிய கணக்கு ஒத்துப்போனது.

"இந்தக் குவியலில் எடுத்து வைஸில் பூட்டிக் குழாய் போட்டு இழுத்துப் பாருங்கள். பிறகு அந்தக் குவியல்," என்றேன்.

சார்ஜெண்ட் தானே வலது பக்கத்திலிருந்து ஒன்றைப் பொறுக்கினான். ஒரு சிப்பாய் இழுத்தான். பிடி மெல்ல வளைந்தது. உடையவில்லை. சார்ஜெண்ட் என்னைத் திரும்பிப் பார்த்தான். பின்னால் அண்ணன் முனகினார்: "போச்சுலா தம்பி, ஒன்னையும் சேத்துக் கொண்டுபோவப் போறான். நான்தான் அறுத்தேன்னு சொல்லிட்டு நீ தப்பிச்சுக்க."

"வாயை மூடுங்கண்ணே," என்றேன். வாழ்க்கையில் அவரிடம் அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

இரண்டாவதைப் பூட்டினார்கள். சிப்பாய் முழுப் பாரம் போடுவதற்கு முன்பே, வெயிலில் ரப்பர்க் காய் வெடிக்கும் சத்தத்தோடு தாடை தெறித்துத் தகரச் சுவரில் போய் அடித்தது. அதே சாம்பல் முகம், அதே சீனி. மூன்றாவதும் தெறித்தது. இடது குவியலில் இரண்டை இழுத்தார்கள். இரண்டும் வளைந்தன, உடையவில்லை.

"என்ன வித்தியாசம்?" சார்ஜெண்ட் கேட்டதை ஹமாதா மலாயில் சொன்னார்.

"இவை சுத்தம் செய்தவை. அவை செய்யாதவை."

"சுத்தம் செய்யச் சொன்னது யார்?"

நான் இடது குவியலை மறுபடி எண்ண ஆரம்பித்தேன். தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. ஹமாதா கைக்குட்டையைப் பைக்குள் வைத்தார். "சாயா," என்றார். நான்தான் என்று. ஜப்பானியனிடம் பேசும்போது எதற்கு மலாயில் சொன்னார் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. எங்கள் காதிலும் விழட்டும் என்றுதான் இருக்க வேண்டும். பிறகு தன் மொழியில், விறைப்பாக நின்றபடி, நீளமாக ஏதோ சொன்னார். அதில் எனக்குப் புரிந்தது ஒரே சொல். கேய்ரே.

அந்தச் சொல் வந்ததும் சார்ஜெண்டின் முகம் மாறியது. தொட்டியிலிருந்து ஸ்பேனரை எடுக்க விடாமல் எங்களைக் குனிய வைத்தவன் அவன்தானே. விஷயம் கெம்பெத்தாயிடம் போனால் அவனும் நின்று பதில் சொல்ல வேண்டும். ஹமாதாவைக் கன்னத்தில் அறைந்தான். அவருடைய மூக்குக் கண்ணாடி பறந்தது. ஹமாதா குனிந்து வணங்கி, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, என் முன்னால் வந்து என்னை அறைந்தார். காது அடைத்துப் போனது. நானும் குனிந்து வணங்கினேன்.

அறை முடிந்தும் ஹமாதா நகரவில்லை. என்னைப் பார்த்தார், முட்டி போட்டிருந்த அண்ணனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் படையில் அறை மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கும். கடைசி ஆள் வரை இறங்கிவிட்டால் அது பட்டறைக்குள் கொடுத்த தண்டனை. விஷயம் அங்கேயே முடிந்தது என்று பொருள். நடுவில் நின்றுவிட்டால் முடியவில்லை என்று பொருள்.

அண்ணனுக்கு என்னைவிட முன்னாலேயே புரிந்திருந்தது. முகத்தை நிமிர்த்திக் காட்டினார். "அடி தம்பி."

அடித்தேன். சார்ஜெண்ட் தலையை ஆட்டி, போதாது என்றான்.

"நல்லா அடிலா. பாத்துக்கிட்டு இருக்கான்," என்றார் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு.

இரண்டாவது தடவை அடித்ததில் அவர் சாய்ந்து தரையில் விழுந்தார். சார்ஜெண்ட் எதையோ துப்பிவிட்டு மழையில் இறங்கிப் போனான். ஹமாதா கட்டை அவிழ்க்கச் சொன்னார். மிச்சம் இருந்த சாம்பல் ஸ்பேனர்கள் எல்லாவற்றுக்கும் மூன்று புள்ளி குத்தச் சொன்னார். அன்று மட்டும் எங்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினார்.

குடும்பத்தோடு தங்க எங்களுக்குக் கொடுத்திருந்த ஆலை லயத்துக்கு நடந்தோம். வழியில் அண்ணன்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"மொத அடி ஒனக்கே பத்தல. ரெண்டாவது பரவாயில்ல."

"வலிக்குதாண்ணே?"

"நீதான் கிராணியாச்சே. எத்தனை வெரலு பதிஞ்சிருக்குன்னு எண்ணிச் சொல்லு."

"நாலு."

"கட்டை வெரலை என்னா, வீட்டுக்குக் கொண்டுபோயிட்டியா?" என்று சிரிக்கப் பார்த்தார். கன்னம் இழுத்துக்கொண்டது. பாதியில் நிறுத்திவிட்டார்.

வாசலில் அவர் மனைவி செல்லம்மா அண்ணி நின்றார். பட்டறையில் கணவரைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி ஏற்கெனவே வந்திருந்தது. கிட்டே வந்து அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "எந்தப் பாவி கைங்க இது? அந்தக் கை அழுகிப் போவணும்."

"ஜப்பான்காரன் அடிச்சான். வேற எவன் அடிப்பான்? தம்பிதான் பேசி என்னை இழுத்துக்கிட்டு வந்துச்சு. கெழங்கை வை," என்றார் அண்ணன்.

அண்ணி என்னைப் பார்த்தார். உள்ளே போய் இரண்டு தட்டில் அவித்த மரவள்ளியை வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு வைத்த தட்டில் மட்டும் ஒரு துண்டு கருவாடு இருந்தது. நான் வலது கையை மடியிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"கையைக் காட்டுங்க தம்பி," என்று செம்பைச் சாய்த்தார்.

நீட்டினேன். அவர் தண்ணீர் ஊற்ற, கழுவிக்கொண்டு, சாப்பிட்டேன். அண்ணன் நிமிர்ந்து பார்க்காமல், கிழங்கை அடிபடாத பக்கத்துக்கு ஒதுக்கி மென்றுகொண்டிருந்தார்.